ஃபேரூன்ல சாமி கும்பிடாதவன் செத்தா எங்க போவான்? சுவர், கெலம்வோர், டெவில் டீல் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய பதில்

கேள்வி இதுதான்: பால்டர்ஸ் கேட் 3 (சுருக்கமா பிஜி3; டி அண்ட் டிங்கற டேபிள்டாப் கேமோட ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்துல நடக்கிற வீடியோ கேம், அந்த உலகத்துல ஒரு கண்டம்தான் ஃபேரூன்) முடிச்ச ஒருத்தர் கேக்குறார், "எந்த சாமியையும் கும்பிடாம, ஆனா நல்லவனா வாழ்ந்து செத்தா ஃபேரூன்ல சுவர்ல வெச்சு பூசிடுவாங்களாமே, நிஜமா? அப்படின்னா செத்தவங்களுக்கு தீர்ப்பு சொல்ற கெலம்வோரை எப்படி நல்ல சாமின்னு சொல்றாங்க? அதுக்கு பேசாம ரஃபேல்ங்கற டெவில் கிட்ட கையெழுத்து போட்டுட்டு போயிடலாமே?"

சுருக்கமா வேணும்னா: சுவர் நிஜம், ஆனா இப்போ புக்ல அந்த வரி இல்ல. கெலம்வோர் அதை கட்டல, ஒழிச்சுக்கட்டவும் முடியல. டெவில் கிட்ட தாராளமா போகலாம், செத்ததுக்கு அப்புறம் கூட போகலாம், போனா என்ன கிடைக்கும்னு கீழ சொல்றேன். விரிவா வேணும்னா உக்காந்து படிங்க, இது ஒரு வரில முடியுற சமாச்சாரம் இல்ல.

முதல்ல ஒண்ணை மண்டைல இருந்து எடுத்துடணும். நமக்கு சாவுன்னா எமன், சித்ரகுப்தன், பாவ புண்ணிய கணக்கு, அதுக்கேத்த மாதிரி சொர்க்கம் நரகம்னு பதிஞ்சு போயிருக்கு. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ல அந்த கணக்கே ரெண்டாம்பட்சம்தான். செத்தவுடனே ஆன்மா போய் சேர்ற இடம் ஃபியூக் ப்ளேன், சாம்பல் கலர்ல ஒண்ணுமே இல்லாத ஒரு பொட்டல்வெளி. அங்க நிக்கணும். ஒவ்வொரு சாமியோட ஆளுங்களும் அப்பப்போ வந்து "எங்க ஆளு யாரு யாரு, வாங்க"ன்னு கூட்டிட்டு போவாங்க. விடியலோட சாமி லதாண்டரை கும்பிட்டவன் லதாண்டர் கிட்ட போவான், மோராடினை கும்பிட்ட குள்ளன் மோராடின் கிட்ட, பேனை கும்பிட்ட கொடுங்கோலன் பேன் கிட்ட. நல்லவனா கெட்டவனான்னு யாரும் கேக்கறதில்ல, நீ யார் ஆளுன்னுதான் கேப்பாங்க. பேன் பக்தன் ஒருத்தன் வாழ்க்கை பூரா கொடுமை பண்ணிட்டு செத்தா அவனுக்கு தண்டனைன்னு தனியா ஒண்ணும் கிடையாது, அவன் சாமி அதுக்காக அவனை மெச்சிக்கவே செய்யும்.

கூட்டிட்டு போக ஆள் வராதவங்க மட்டும்தான் நடுவுல இருக்கிற சிட்டி ஆஃப் ஜட்ஜ்மென்ட்டுக்கு, அதாவது கெலம்வோர் முன்னாடி போய் நிப்பாங்க. அதுல ரெண்டு வகை. கும்பிட்ட சாமிக்கே துரோகம் பண்ணினவன் ஒருத்தன், அவனுக்கு செஞ்ச தப்புக்கு தகுந்த தண்டனையோட அந்த ஊர்லயே கிடக்கணும். இன்னொருத்தன் எந்த சாமியையுமே ஏத்துக்காதவன். அவனுக்குத்தான் சுவர்.

அந்த சுவர் செங்கல்லால கட்டினது இல்ல, ஆளுங்களாலயே கட்டினது. ஊரை சுத்தி நிக்கிற மதில், அதுல ஒருத்தர் மேல ஒருத்தரா ஆன்மாக்களை அடுக்கி, நடுவுல பச்சையா பூஞ்சை மாதிரி ஒண்ணு படர்ந்து பிடிச்சு வெச்சிருக்கும். வெளிய வர முடியாது. கொஞ்சம் கொஞ்சமா அந்த பூஞ்சை ஆன்மாவையே கரைச்சுடும், நினைப்பு போகும், பேர் போகும், கடைசியில ஆளே இல்லாம போயிடுவான். நரகத்துல கூட நீ நீயா இருந்து அனுபவிக்கலாம், இதுல அனுபவிக்க ஆளே மிச்சம் இருக்க மாட்டான். நெவர்விண்டர் நைட்ஸ் 2 கேமுக்கு 2007ல வந்த எக்ஸ்பான்ஷன் மாஸ்க் ஆஃப் த பிட்ரேயர் ஆடினவங்களுக்கு தெரியும், நெவர்விண்டர் நைட்ஸ் 2ல நம்ம கூடவே சுத்தின பிஷப்னு ஒரு ரேஞ்சர், எவனையும் நம்பாதவன், அவன் அந்த சுவருக்குள்ள பாதி புதைஞ்சு கிடப்பான், நாம போய் பேசலாம். மெயின் கேம்ல அவனை கண்டாலே எரிச்சலா வரும், அங்க பாத்தா அந்த எரிச்சல் நிக்காது.

இப்போ இதை யாரு கட்டினா, எதுக்கு கட்டினாங்கறதுதான் உங்க கேள்விக்கு நிஜமான பதில்.

கட்டினது மிர்க்குல். அவன் எப்படி சாவோட சாமி ஆனான்னா, அதுக்கு முன்னாடி அந்த நாற்காலில இருந்தவர் ஜெர்கல். (ஆமா ப்ரோ, உங்க கேம்ப்ல நின்னுட்டு 200 கோல்டு வாங்கிட்டு செத்தவங்களை எழுப்பி விடுற விதர்ஸ், அவரேதான்.) ஜெர்கலுக்கு வேலை போரடிச்சு போச்சு. பேன், பால், மிர்க்குல்னு மூணு மனுஷங்க அவரை கொன்னு பதவியை புடுங்கலாம்னு படையெடுத்து வர்றாங்க, இவர் சண்டையே போடாம எழுந்து நின்னு "எடுத்துக்கோங்க"ன்னுட்டார். மூணு பேருக்கும் யாருக்கு எதுன்னு சண்டை, கடைசியில ஜெர்கல் தன் விரல் எலும்பையே ஒடிச்சு குடுத்து அதை வெச்சு விளையாட சொல்றார். ஜெயிச்ச பேன் கொடுங்கோன்மையை எடுத்துக்கிட்டான். ரெண்டாவதா வந்த மிர்க்குல், நீ ஆள்றவன் எல்லாம் ஒருநாள் செத்து என்கிட்டதான வரணும்னு செத்தவங்களை எடுத்துக்கிட்டான். மூணாவது பால், அவங்களை உன்கிட்ட அனுப்புறதே நான்தானேன்னு சாவை, கொலையை எடுத்துக்கிட்டான். ஜெர்கல் பாட்டுக்கு ஓரமா உக்காந்து செத்தவங்க பேரை நோட்டுல எழுதற குமாஸ்தா வேலைக்கு போயிட்டார். பிஜி3ல வில்லன்களா வர்ற கார்டாஷ், ஓரின், கெதெரிக் மூணு பேருக்கும் பின்னாடி இருக்கிற சாமிங்க இந்த மூணு பேர்தான், அதனாலதான் கடைசியில கிரெடிட்ஸ் முடிஞ்சப்புறம் விதர்ஸ் போய் அவங்களை கிண்டல் பண்ணிட்டு வர்றார். பழைய வாத்தியார் ஃபெயிலான பசங்களை பாக்குற மாதிரி ஒரு பார்வை.

மிர்க்குல் பயமுறுத்தறதுக்காக கட்டினான், சரி, அவன் கெட்டவன். அவன் செத்தப்புறமும் ஏன் நிக்குது?

இங்கதான் ஏயோ வர்றார். சாமிகளுக்கெல்லாம் மேல ஒருத்தர், யாரும் கும்பிடறதில்ல, அவருக்கு தேவையும் இல்ல. அந்த உலகத்து டேல் கணக்குப்படி 1358ம் வருஷம் பேனும் மிர்க்குலும் சேர்ந்து டேப்லெட்ஸ் ஆஃப் ஃபேட்னு ஒண்ணை திருட, ஏயோவுக்கு கோபம் வந்து காவல் சாமி ஹெல்மை தவிர மொத்த சாமிகளையும் பூமிக்கு தள்ளி விட்டுட்டார், மனுஷ உடம்போட. டைம் ஆஃப் ட்ரபிள்ஸ் அதுதான். அதுல பேன், பால், மிர்க்குல் மூணு பேரும் காலி, ரொம்ப நாள் கழிச்சுதான் திரும்பி வந்தாங்க. (வெளி உலகத்துல இதுக்கு காரணம் 1989ல டி அண்ட் டி ரூல் புக் ரெண்டாவது எடிஷனுக்கு மாறினது. அசாசின் க்ளாஸை தூக்கணும், எப்படி தூக்கறது? ஃபேரூன்ல இருக்கிற அசாசின் அத்தனை பேர் உயிரையும் உறிஞ்சி பேனுக்கு சண்டைக்கு சக்தி குடுத்த மாதிரி கதை எழுதிட்டாங்க. ரூல் மாறினா கதைல ஒரு கூட்டமே சாகும், இந்த உலகத்துக்கு இது வழக்கம்.) எல்லாம் முடிஞ்சு ஏயோ போட்ட புது சட்டம்தான் முக்கியம்: இனிமே ஒரு சாமியோட பலம் அதை கும்பிடறவங்களை பொறுத்ததுன்னுட்டார். சாமிங்க பக்தர்களை சும்மா விட்டுட்டு ஆட்டம் போடக்கூடாது, அவங்களை கவனிக்கணும்கிறதுதான் அவர் நினைச்சது. நடந்தது என்னன்னா எல்லா சாமியும் வோட்டு பேங்க் கட்சி ஆயிடுச்சு.

இப்போ யோசிங்க. கும்பிடறவன் எண்ணிக்கைதான் பலம்னா, "எவனையும் கும்பிட மாட்டேன், நான் பாட்டுக்கு நல்லவனா இருந்துட்டு போறேன்"ங்கறவன் எல்லா சாமிக்கும் நஷ்டம். நல்ல சாமி கெட்ட சாமின்னு பேதமே இல்லாம எல்லாருக்கும். அவனை பாத்து நாலு பேர் அப்படி ஆனா நீதியோட சாமி டிர்ரும் மெலியும், பேனும் மெலிவான். அதனால சுவர் நிக்கிறதுல அத்தனை பேருக்கும் லாபம், இடிக்கிறதுல ஒருத்தருக்கும் லாபமில்ல. மிர்க்குலோட கொடூரம்னு சொல்லிட்டு போறது சுலபம், அவனை எதிர்த்தவங்களுக்கும் அந்த சுவர் வசதியாதான் இருந்துச்சுங்கறதுதான் உறுத்தற விஷயம்.

கெலம்வோர் கதை இதுக்கு சாட்சி. ஆள் பொறந்தப்போ சாமி எல்லாம் இல்ல, கூலிக்கு சண்டை போடற கெலம்வோர் லயன்ஸ்பேன். குடும்ப சாபம் ஒண்ணு, காசு வாங்காம யாருக்காவது நல்லது பண்ணா கருஞ்சிறுத்தையா மாறிடுவான். அதனால எதுக்கும் ரேட் பேசி பேசியே வாழ்ந்தவன். டைம் ஆஃப் ட்ரபிள்ஸ் கடைசில வாட்டர்டீப்ங்கற ஊர்ல சிரிக்னு ஒருத்தன் அவனை கொன்னுடறான். இந்த சிரிக், கெலம்வோரோட கூட்டத்துலயே கூட வந்த ஆள்தான், செத்த மூணு பேர் பதவியும் அவன் கைக்கு போகுது. (சிரிக் தன் பெருமையை தானே பாடி ஒரு புத்தகம் பண்ணான், படிக்கிறவன் சிரிக்தான் எல்லாத்துக்கும் மேலன்னு நம்பியே ஆகணும்கிற மந்திரத்தோட. அதை அவனே படிச்சு அவனுக்கே பைத்தியம் புடிச்சுடுச்சு. ரெல்ம்ஸ்ல எனக்கு ரொம்ப புடிச்ச காமெடி இதுதான்.) அப்புறம் 1368ல செத்தவங்க ஊரே சிரிக்குக்கு எதிரா கிளம்ப, கெலம்வோர் அந்த நாற்காலில உக்காந்தார்.

உக்காந்ததும் என்ன பண்ணார்னா, நீங்க கேக்குற அதே நியாயத்தைத்தான். நல்லது பண்ணவனுக்கு நல்ல இடம், தைரியமா செத்தவனுக்கு மரியாதை, கெட்டவனுக்கு தண்டனை. ஒரு மனுஷன் சாமி ஆனா என்ன பண்ணுவானோ அது. விளைவு? நல்லவங்களுக்கு சாவு பயம் போச்சு. செத்தா கெலம்வோர் பாத்துப்பார்னு வீரனுங்க கண்ணை மூடிட்டு சாக ஆரம்பிச்சாங்க, சாமி கும்பிடறது குறைஞ்சுது. கெட்டவங்களோ இவர் கைல மாட்டினா தொலைஞ்சோம்னு தங்களோட கெட்ட சாமிங்களை இன்னும் இறுக்கி புடிச்சுக்கிட்டாங்க. நல்ல சாமிகளுக்கு ஆள் குறையுது, கெட்ட சாமிகளுக்கு விசுவாசம் கூடுது. மத்த சாமிகள் எல்லாம் சேர்ந்து விசாரணை வெச்சாங்க, இவர் மேல மட்டும் இல்ல, மந்திரத்தோட சாமி மிஸ்ட்ரா மேலயும், மனுஷத்தனத்தால வேலையை ஒழுங்கா பாக்கலைங்கறது குற்றச்சாட்டு. கெலம்வோர் விசாரணை முடியறதுக்குள்ள தானே உணர்ந்து, போட்ட தீர்ப்பு எல்லாத்தையும் திரும்ப எடுத்து மறுபடி தீர்த்தார். அரண்மனை பளிங்கு மாதிரி ஆச்சு, முகத்துல வெள்ளி முகமூடி. பாசம் இல்ல, கோபமும் இல்ல, ரூல் என்ன சொல்லுதோ அது. காசு வாங்காம நல்லது பண்ண முடியாம இருந்த மனுஷன் சாமி ஆகியும் கடைசியில அதே நிலைமைக்குத்தான் வந்து நின்னார்.

அதனால கெலம்வோர் நல்லவரான்னு கேட்டா, நல்லவர்தான், ஆனா அவர் உக்காந்திருக்கிறது நல்லது பண்ற சீட் இல்ல. அலைன்மென்ட் பாத்தீங்கன்னா லாஃபுல் நியூட்ரல்னு (நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, ரூல்தான் முக்கியம்) போட்டிருக்கும், சும்மா போடல.

சுவரை எதிர்த்து போராடினவனும் இருக்கான். அக்காச்சி, மிர்க்குலோட பூசாரியே. அவன் காதலிச்சவளை சுவர்ல வெச்சுட்டாங்கன்னு தன் சாமி மேலயே படை திரட்டிட்டு போனான், தோத்தான், ஆன்மாவை தின்னு பசி தீராம அலையற சாபம் கிடைச்சுது. மாஸ்க் ஆஃப் த பிட்ரேயர்ல அந்த சாபம்தான் நம்ம ஹீரோவுக்கு ஒட்டிக்கும். கேம் கடைசில அந்த படையெடுப்பை நீங்களே திரும்ப நடத்தலாம், ஆனா சுவரை மட்டும் இடிக்க முடியாது, எந்த எண்டிங்லயும். அந்த காலத்துல இதுக்கு ஆடினவங்க செம கடுப்பானாங்க. எனக்கென்னவோ அதுதான் சரியான முடிவுன்னு தோணும், ஒரு ஹீரோ வாளோட வந்து உடைக்கிற விஷயமா அது இருந்திருந்தா கெலம்வோரே உடைச்சிருப்பாரே.

சரி, டெவில் பக்கம் வருவோம்.

ஃபியூக் ப்ளேன்ல காத்துட்டு நிக்கிறீங்கன்னு சொன்னேன்ல, அங்க டெவில்களுக்கு உள்ள வர அனுமதி இருக்கு. கெலம்வோரோட ஒப்பந்தமே இருக்கு. வந்து நிக்கிற ஆன்மா கிட்ட பேரம் பேசலாம், ஏமாத்தி தூக்கிட்டு போகக்கூடாது. டெவில்களோட பரம எதிரிங்களான டீமன்கள் அப்படி இல்ல, வாசலை கிழிச்சுட்டு வந்து கைல கிடைச்சதை அள்ளிட்டு ஓடறவங்க. டெவில் பக்கத்துல வந்து நின்னு மரியாதையா சொல்லுவான்: உங்க சாமி வருவாரோ மாட்டாரோ, வரலைன்னா சுவர்னு உங்களுக்கே தெரியும், எங்களோட வாங்க, கீழ்மட்டத்துல ஆரம்பிக்கணும், ஆனா ப்ரொமோஷன் உண்டு. இதுல பொய் ஒண்ணும் இல்லங்க. லெமூராதான் ஆரம்பிக்கணும், அதாவது முகம் உருகி வழிஞ்ச மாதிரி ஒரு சதைப்பிண்டம், பழைய நினைப்பு ஒண்ணும் தங்காது. அதுல இருந்து இம்ப், அதுக்கு மேல, அதுக்கு மேலன்னு ஏறலாம், கோடில ஒருத்தன் ஏறவும் செய்வான். மீதி பேர் நரகத்தோட முதல் அடுக்கான அவெர்னஸ்ல, டீமன்களோட ஓயாம நடக்கிற பிளட் வார்ல முன்வரிசைல நின்னு டீமன் கால்ல மிதிபடுவாங்க. அதுலயும் நரகத்துக்குள்ள செத்த லெமூர் திரும்ப முளைச்சு எழும், ஆசீர்வாதமோ புனித நீரோ படாத வரைக்கும். சாகவும் விட மாட்டாங்க.

டெவிலோட பலமே இந்த நேர்மைதான். பிஜி3லயே யர்கிர்ங்கற டெவில் விஷயத்தை எடுத்துக்கோங்க. இருட்டோட சாமி ஷார் கோயில்ல இருக்கிற டார்க் ஜஸ்டிஷியர்ங்கற அவளோட வீரனுங்க அத்தனை பேரையும் கொல்லணும், அதுவரைக்கும் விடுதலை இல்லன்னு ரஃபேலோட கான்ட்ராக்ட், பாட்டு வடிவத்துல. அவனும் கொன்னு தீர்த்துட்டான், ஆனா விடுதலை வரல, ஏன்னா கடைசி ஒருத்தன் எலிக்கூட்டமா மாறி அதே கோயில்ல ஓடிட்டு இருக்கான். ரஃபேல் பொய் சொன்னானா? இல்ல. "அத்தனை பேரும்"னா அத்தனை பேரும்தான். இதுல உச்சம் என்னன்னா, அந்த பாட்டு வரியை வெச்சே நாம பேசி யர்கிரை அவன் ஆளுங்களை கொல்ல வெச்சு, வளர்த்த மிருகத்தையும் கொல்ல வெச்சு, கடைசியில அவனையே குத்திக்க வைக்கலாம். டெவிலை டெவில் வழிலயே முடிக்கிறது.

இன்னும் மோசமானது எல்டுரெல்ங்கற ஊரோட கதை. பிஜி3 ஆக்ட் 1ல க்ரோவ்ல பதுங்கி கிடக்கிற, கொம்பு வெச்ச டீஃப்ளிங் அகதிங்க எல்லாம் அந்த ஊர்க்காரங்கதான். அங்க ராத்திரி பகல்னு ரெண்டாவது சூரியன் மாதிரி ஒண்ணு ஊருக்கு மேல எரிஞ்சுட்டு இருந்துச்சு, பேய் பிசாசு கிட்ட வராது, ஜனங்க அதை தெய்வ அருள்னு நம்பினாங்க. அது தேவியஸ் க்ரீக்னு அந்த ஊரை ஆண்ட ஆள், அவெர்னஸை ஆள்ற டெவில் ஸாரியலோட போட்ட டீல். கெடு முடிஞ்சதும் மொத்த ஊரும் அவெர்னஸ்க்கு போச்சு, ஊரை காப்பேன்னு உறுதிமொழி எடுத்தவங்க ஆன்மாவும் சேர்த்து, அவங்க யாரும் அந்த பத்திரத்தை கண்ணால பாத்தது கூட இல்ல. 2019ல வந்த டிசென்ட் இன்டு அவெர்னஸ் அட்வென்ச்சர் முழுக்க இதுதான். அதுல சோல் காயின்னு ஒண்ணு வரும், நரகத்தோட இன்னொரு அடுக்கான மின்னாரஸ்ல மாமன்ங்கற டெவில் தலைவன் அச்சடிக்கிற காசு, உள்ள ஒரு ஆன்மா. அதை வண்டி எஞ்சின்ல போட்டு எரிச்சு ஓட்டுவாங்க. வண்டி ஓடறப்போ உள்ள இருந்து கத்தற சத்தம் வரும். எரிஞ்சு முடிஞ்சா காசும் இல்ல, உள்ள இருந்தவனும் இல்ல.

இப்போ சுவரையும் அந்த எஞ்சினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. ரெண்டுலயும் ஆன்மா கரைஞ்சு ஒண்ணுமில்லாம போகுது, ரெண்டுலயும் வேற யாரோ ஓடறதுக்கு அது எரிபொருள். ஒரே வித்தியாசம், டெவில் உங்க கிட்ட கையெழுத்து வாங்குவான். இதை நரகத்துக்கே ராஜாவான அஸ்மோடியஸோட பூசாரிங்க நல்லாவே புரிஞ்சு வெச்சிருக்காங்க, லதாண்டர் வெளிச்சத்துல காலம் பூரா காயறதும், மோராடின் சுரங்கத்துல காலம் பூரா சுத்தியல் அடிக்கிறதும் எல்லாருக்கும் ஒத்து வராதுல்லன்னு கேட்டு ஆள் சேர்ப்பாங்க. பதில் சொல்ல கஷ்டமான கேள்வி.

சம்பந்தம் இருக்கிறதால ஒண்ணு சொல்லிட்டு போறேன். டி அண்ட் டி ஆரம்ப காலத்துல சாமிகளுக்கு ரூல் எழுதினப்போ நம்ம சாமிகளையும் விட்டு வைக்கல. 1980ல வந்த சாமிகள் புக்ல இந்திய புராணம்னு ஒரு பகுதி, அதுல இந்திரன், அக்னி, காளி, விஷ்ணு, எமன், கார்த்திகேயன் எல்லாருக்கும் ஹிட் பாயின்ட்டும் ஆர்மர் க்ளாஸும் போட்டிருக்கும். முருகனுக்கு ஹிட் பாயின்ட், நம்ம ஆளுங்க பாத்தா என்ன சொல்லுவாங்களோ. ராட்சசனும் 1977லயே வந்தாச்சு, புலித்தலை, உள்ளங்கை பின்பக்கமா திரும்பி இருக்கும். அஞ்சாவது எடிஷன்ல அவனையும் நரகத்து ஆளாக்கிட்டாங்க.

கடைசியா, "இப்போ சுவர் இருக்கா இல்லையா". 2015ல வந்த ஸ்வோர்ட் கோஸ்ட் புக்ல செத்தப்புறம் என்ன ஆகும்கிற பகுதில சுவரை பத்தி ஒரு வரி இருந்துச்சு. 2020ல திருத்தம் போட்டப்போ அந்த வரியை மட்டும் சத்தமில்லாம எடுத்துட்டாங்க. இடிச்சதா கதை இல்ல, இருந்ததாவும் சொல்லல. சாமி நம்பிக்கை இல்லாதவங்க நிறைய பேர் ஆடற கேம்ல அப்படி ஒண்ணு வேணாம்னு நினைச்சிருந்தா அதுல தப்பு சொல்ல மாட்டேன், ஆனா எடுத்த விதம் சப்புன்னு இருக்கு. ஒரு அட்வென்ச்சர் எழுதி கெலம்வோர் கையாலயே இடிக்க விட்டிருக்கலாம், அதுக்கு மத்த சாமிங்க என்ன பண்ணாங்கன்னு காட்டியிருக்கலாம்.

நீங்க டிஎம்னா, அதாவது டேபிள்ல கேமை நடத்துறவர்னா, இப்படி பண்ணுங்க. பார்ட்டில சாமி இல்லாத கேரக்டர் இருந்தா அந்த ப்ளேயர் கிட்ட முதல் செஷன்லயே சுவரை பத்தி சொல்லிடுங்க, செத்தப்புறம் சொல்லாதீங்க, அது கேவலம். அவருக்கு ஓகேன்னா ஊர்ல ஒரு கெலம்வோர் பூசாரியை வைங்க. அவங்க நல்லவங்க, அனாதை பிணத்தை அடக்கம் பண்றவங்க, சாகற நேரத்துல பக்கத்துல உக்காந்து கையை புடிச்சுக்கறவங்க, உயிரில்லாம எழுந்து நடக்கறதை கண்டா வெட்டறவங்க. அந்த பூசாரி கிட்ட ப்ளேயர் போய் "எனக்கு என்ன ஆகும்"னு கேக்கட்டும். பூசாரிக்கு என்ன பதில் எழுதறதுன்னு மட்டும் அவசரப்படாம யோசிங்க, மொத்த கேம்பெய்னும் அதுல இருந்தே கிளம்பும்.